ருசி பார்ப்பவர்

பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் குடியிருப்பில் எவருக்கும் கரண்டி பிடிக்கத் தெரியாது என்பது அவருடைய தீர்ப்பு. நேற்று மாடிவீட்டுத் தையல்காரி மீனைக் கரியாக்கிக் கொண்டுவந்து ருசி பார்க்கச் சொன்னாள். இன்று எதிர்வீட்டு நர்ஸ் சூப்போடு வந்து நின்றாள்.

ஒரு வாய் குடித்ததுமே அவர் முகம் கோணியது.

"இது சூப்பா, கடல்தண்ணியா? இதைக் குடிச்சிட்டு உன் வீட்டுக்காரன் எப்படி உயிரோட இருக்கான்?"

"வேற என்னென்ன குறைன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரைகுறையாகக் குறை சொல்வது அவர் தொழிலுக்கு இழுக்கு. திட்டிக்கொண்டே கிண்ணத்தின் அடிவரை குடித்தார். கேரட் வேகவில்லை, பூண்டு தீய்ந்திருந்தது. நாக்கு செத்த ஜென்மங்கள்! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடக் காலிக் கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போனார்.

கதவுக்குப் பின்னால் நர்ஸின் கணவன் குரல் கேட்டது.

"நாம குடிச்சது நல்லாத்தானே இருந்துச்சு? அவருக்கு மட்டும் எதுக்குத் தனியா வச்சு உப்பை அள்ளிக் கொட்டுனே?"

"நல்லா இருந்தா 'சரி'ன்னு ஒரு வாயோட நிறுத்திடுவாருங்க. குறை இருந்தாத்தான், திட்டறதுக்காகவாவது முழுசும் உள்ள போகுது. மாடிவீட்டு அக்காவும் அதுக்குத்தான் மீனைக் கருக்கினாங்க. அண்ணி செத்ததிலேர்ந்து அந்த வீட்டுல அடுப்பே எரியலையே."

அவர் கதவைத் தட்டிக் கிண்ணத்தை நீட்டினார்.

"கேவலமா இருந்துச்சு" என்றார். "நாளைக்கும் கொண்டு வா."