ஊதா மருந்து

அலபாமாவின் அந்தக் கறுப்பர் வார்டில், பலகையில் வெள்ளைக்கார நர்ஸ்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘மிஸ்’ இருக்கும். எங்கள் கறுப்பு நர்ஸுக்கு வெறும் ‘ஒடெஸா’தான். அவர் தினமும் அதை அழித்து, தன் குடும்பப் பெயரோடு ‘மிஸ் ப்ரூவர்’ என்று சாக்பீஸால் எழுதுவார். வெள்ளைக்காரத் தலைமை நர்ஸ் துடைத்துவிடுவாள்.

“நாளைக்கும் எழுதினே, வேலை போயிடும்.”

மறுநாள் சாக்பீஸையே காணோம். என் கால் புண்ணுக்கு ஊதா மருந்து போட்டுக்கொண்டிருந்த மிஸ் ப்ரூவர், அதே பஞ்சை எடுத்துப்போய்ப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்.

“மிஸ் ப்ரூவர், அது லேசுல அழியாதே!” என்றேன்.

“தெரியும். காலை ஆட்டாம படுங்க.”

தலைமை நர்ஸ் ஈரத்துணியால் தேய்தேய் என்று தேய்த்தாள். பெயர் அப்படியே இருந்தது. அவளுடைய பத்து விரலும் ஊதாவாகிவிட்டது. மிஸ் ப்ரூவரை வேலையிலிருந்து தூக்கச் சொல்ல, அந்தக் கையோடுதான் பெரிய டாக்டரிடம் போனாள்.