வீங்கிய கால்

அவர் செருப்பைக் கழற்றினார். குனிந்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது.

"வீங்கிருச்சு!"

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் கைநடுக்க நோய். ஆரம்ப நிலை. இதயத்துக்கான ஒரு மாத்திரை இந்த நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று அவர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு அசல் மாத்திரை. சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.

அசல் என்றால் சிலருக்குக் கால் வீங்கலாம் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்த பெஞ்சில் யாரும் கையைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறார்கள்.

"உங்களுக்கு யோகம்தான்ணே," என்றார் பக்கத்தில் இருந்த தவசி. அவருடைய கால் குச்சி மாதிரி இருந்தது. பாவம்.

வீங்கிய காலைப் பார்க்காமல் இருந்தது, கால்காரரின் மனைவி மட்டும்தான்.

அவளுக்கு பிரஷர் உண்டு. அதற்கு மாத்திரையும் உண்டு. அதுவும் இதயத்துக்கு நல்லதுதானே என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கணவருக்குக் கிடைத்தது மாவுதான் என்றும் அவளாகவே முடிவு கட்டினாள். ஒரு மாதமாகத் தன் மாத்திரையை உடைத்து, பாதியைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் காலைக் கஞ்சியில் கலக்கிறாள். மீதிப் பாதி அவளுக்கு.

டாக்டருக்குத் தெரிந்தால் அவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவருக்கு இருப்பதே அந்த ஒரு நம்பிக்கை.

உள்ளே டாக்டர் அவருக்கு பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப இறங்கியிருக்கே. தலை சுத்துதா?"

"இல்லைங்க."

நேற்று அவர் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

இந்த மனுஷன் எங்கேயாவது விழுந்து வைத்தால்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"எதுவுமே இல்லைங்க டாக்டர்." அவர் முந்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றார்கள். நல்ல வெயில்.

போதும், நாளையிலிருந்து நிறுத்திவிடுவது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாளைக்குக் கஞ்சியில வெல்லம் கொஞ்சம் கூடப் போடு. மாத்திரை கசக்குது."