பெயருக்கு ஒரு வரி

மரத்தின் முன் மாட்ட வேண்டிய தகட்டை இயந்திரத்தில் பொருத்தியாகிவிட்டது. பொறிக்க வேண்டிய வாசகத்தை அவள் மூன்றாம் முறையாகப் படித்தாள்.

ஆஸ்திரேலியப் பூங்கா ஒன்றின் பட்டறை. வாசலுக்கு நேரே அந்த யூகலிப்டஸ் நின்றது. இந்த மண்ணுக்கே உரிய மரம்.

அதன் இனத்துக்கு ஓர் ஆளுநரின் பெயர்.

அவர் அதை நட்டாரா? இல்லை. கண்ணாலாவது பார்த்தாரா? அதுவும் இல்லை. விதை சேகரிக்க வந்த ஒருவருக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

விதைக்காரர் வறட்சியில் நாக்கு வறண்டு விழுந்து கிடந்தார். பழங்குடிப் பெண் ஒருத்தி இந்த இன மரம் ஒன்றின் வேரைத் தோண்டி, வெட்டி, நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் வடித்துக் கொடுத்தாள். அவருடைய நாட்குறிப்பின் நகல் மேசையில் கிடக்கிறது.

அதில் அவருடைய குதிரைக்குப் பெயர் இருக்கிறது.

உயிர் கொடுத்தவளுக்கு இல்லை. 'ஒரு கறுப்புப் பெண்', அவ்வளவுதான்.

இது எந்த ஊர் நியாயம்? படித்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் கம்பத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த குகன் அண்ணை நிமிரவேயில்லை.

"குடுத்ததை அப்பிடியே அடிச்சு விடும் பிள்ளை. உமக்கேன் வீண் சோலி?"

அவள் தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

சிவபாலன்.

அப்பாவின் பெயர். வந்திறங்கிய அன்று, படிவத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்று தெரியாமல் மாற்றி எழுதிவிட்டாள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பதினொரு வருடமாக இங்கே எல்லோருக்கும் அவள் சிவபாலன்தான். அது தன் பெயரில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சிரித்தார்கள்.

ஆளுநரின் பெருமை பேசிய வரியை அவள் நீக்கினாள். அந்த இடத்தில் வேறொன்றைப் பொறித்தாள்.

'இதன் வேரில் தண்ணீர் உண்டு என்று காட்டியவள் பெயர்:'

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டாள்.

மேலாளர் காலின் வந்து தகட்டைத் தூக்கிப் பார்த்தார். கீழே ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"அது அவளுடைய இடம். யாரும் கேட்டு எழுதவில்லை."

அவர் வாசலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்தார். பிறகு, அப்படியே மாட்டிவிடச் சொன்னார்.

"நல்ல வேலை, சிவபாலன்."

தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெட்டிய தகட்டில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. சட்டையில் குத்துகிற அளவு. அவள் அதை எடுத்து இயந்திரத்தில் பொருத்தினாள்.

வதனி.