கை மாறிய வாட்ச்

"கையை நீட்டு."

அடுப்பைப் பார்த்தபடியே அம்மா இடது கையை நீட்டினாள். அப்பா தன் மணிக்கட்டிலிருந்த கறுப்பு வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டார்.

லீவுக்கு வந்திருந்த மகள் பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்த்தாள்.

அது வெறும் வாட்ச் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. எத்தனை அடி நடந்தார், இதயம் எப்படித் துடித்தது என்று எல்லாவற்றையும் அங்கே இருக்கும் நர்ஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, வாரம் மூன்று நாள் அந்த நர்ஸ் வீடியோ காலில் வந்து, வீட்டுக் கூடத்திலேயே அவரை உடற்பயிற்சி செய்ய வைப்பாள்.

"என்னப்பா இது?"

"தினம் ஐயாயிரம் அடி நடக்கச் சொல்றாங்க. உங்கம்மாதான் எழுந்ததிலேருந்து படுக்கிறவரைக்கும் நடந்துக்கிட்டே இருக்காளே. கணக்குக்குக் கணக்கும் ஆச்சு, எனக்கு அலைச்சலும் மிச்சம்."

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா ரிட்டயர்ட் டிக்கெட் பரிசோதகர். ஓடும் ரயிலில் முப்பது வருஷம். சொந்த மாமனாருக்கே அபராதம் எழுதியவர் என்று குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நீங்களாப்பா இப்படி? அம்மாவே துணி வாளியோட மாடி ஏற முடியாம, பாதியில நின்னு மூச்சு வாங்குறா. அவ கையில போய்க் கட்டுறீங்களே!"

"விடுடி," என்றாள் அம்மா. "ஒரு வளையல் கூடன்னு நெனச்சுக்கறேன். அவர் நல்லா இருந்தா எனக்கு அது போதும்."

அதற்குள் அப்பா, "பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்று நழுவிவிட்டார். கடை எதிர் வரிசையில்தான். ஆனால் அவர் திரும்பி வர முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். எங்கே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாரோ!

பத்து மணிக்குப் போன் திரையில் நர்ஸ் வந்தாள்.

"சார், நேத்து ஒன்பதாயிரம் அடி! நான் சொன்னது ஐயாயிரம்தான். கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"ஒரு ஆர்வம்தான் சிஸ்டர்," என்றார் அப்பா, கூச்சமே இல்லாமல். சமையலறையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் பல்லைக் கடித்தாள்.

வீடியோ கால் முடிந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "களவும் கற்று மறன்னு சொல்லுவாங்க. நீங்க மறக்கிற வயசுல கத்துக்கறீங்களா? நாளைக்கே நான் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்."

"ரெண்டு நாள் பொறும்மா. அப்புறம் நானே சொல்லிடறேன்."

இரண்டு நாள் ஆகவில்லை. மறுநாளே பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அது நர்ஸ் வரும் நாளே இல்லை.

"சார், பதறாதீங்க. நேத்து சாயங்காலமும் இன்னிக்குக் காலையிலும் உங்க இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. உடனே கிளம்பி வாங்க, ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்பீக்கரில் கேட்ட அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. வாட்ச் தன் கையில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள், இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள். வழியெல்லாம் அப்பாவின் கையை விடவில்லை. "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று அவருக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன் சீட்டிலிருந்த மகளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. சட்டென்று திரும்பி, "அப்பா! அந்த வாட்ச்..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. மகள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படுங்க சார்," என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டிலைக் காட்டினாள்.

அப்பா அம்மாவின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். "இவளுக்குத்தான் பார்க்கணும் சிஸ்டர். ஒன்பது நாளா வாட்ச் இவ கையிலதான் இருக்கு."

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் விளையாட்டு இது? அப்போ ஒன்பது நாளா உங்க துடிப்பு எப்படி இருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாதே!"

"தப்புதான். அபராதம் எழுதுங்க," என்றபடி அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். பென்சிலில் தேதிவாரியாக எழுதியிருந்தது: பூங்காவில் எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம், நாடித் துடிப்பு எவ்வளவு. "பேப்பர் வாங்கப் போற நேரத்துல நடந்துடுவேன். ஓடுற ரயில்லயே நடந்தவன், தரையில நடக்க மாட்டேனா?"

அரை மணி நேரத்தில் அம்மாவின் ஈசிஜியோடு டாக்டர் வந்தார். "நல்ல வேளை, கூட்டிட்டு வந்தீங்க. இவங்க இதயம் சீரா துடிக்கலை. இப்படியே விட்டிருந்தா என்னிக்காவது பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டிருக்கும். இப்போ பயமில்லை, மாத்திரையும் ஓய்வும் போதும்."

நர்ஸ் புது வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கட்டினாள். பழையது அப்பாவின் கைக்குத் திரும்பியது. "இதுதான் சார் அபராதம். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கணும்."

அம்மாவுக்கு மட்டும் ஆத்திரம் தணியவில்லை. "ஏங்க, என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமில்ல? வழியெல்லாம் உயிர் என்கிட்ட இல்லை!"

"சொல்லாமலா இருந்தேன்? நீ மூச்சு வாங்கி நின்னப்பல்லாம், வா டாக்டர்கிட்டப் போலாம்னு ரெண்டு மாசமா கெஞ்சினேன். வேலை கிடக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்னே," என்றார் அப்பா. "உனக்கு உடம்புன்னா அடுத்த வாரம். எனக்குன்னாதானே நீ அடுத்த நிமிஷம் கிளம்புவே!"