அரை அரிசி நீளம்

கண்காட்சியில் மூன்றாவது முறையாக அந்தக் கவுனைச் சுற்றி வந்தாள் காலர்க்காரி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தலையில்லாத பொம்மை மேல் நின்றது கவுன். கழுத்தைச் சுற்றி அகலமான காலர், காலர் முழுக்க வெள்ளி நிற உலோக மணிகள். அந்தக் காலரை உடம்போடு சேர்த்துத் தைத்தவள் இவள். கம்பெனியில் காலர் தைத்துத் தைத்து, பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய்க் காலர்க்காரி ஆனவள்.

"அண்ணி, கண்ணாலேயே அதைத் தின்னுருவீங்க போல," என்றாள் நாத்தனார். அதே கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். "நாம பாக்காத துணியா? வாங்க, அந்தப் பக்கம் நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"நீ போ. வரேன்."

பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு விளக்கம் சொல்லும் பெண் வந்தாள். காலர்க்காரியைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

"பார்த்தா இந்த அம்மா மாதிரிப் பார்க்கணும். கிட்டப் போய், ஒவ்வொரு தையலா. அப்பதான் டிசைனரோட அருமை தெரியும்."

பத்துப் பதினைந்து பேர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள். காலர்க்காரி கயிற்றை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

அவள் தேடிக்கொண்டிருந்தது ஓர் ஊசி முனையை.

பத்து நாளைக்கு முன், கடைசித் தையலில், ஊசி ஒரு மணியில் மோதி உடைந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் துணியை வெட்டிப் போட்டுவிடுவார்கள். கம்பெனிச் சட்டம் அது. அவளுக்குக் கிடைத்தது தண்டு மட்டும்தான். முனை, அரை அரிசி நீளம், காலருக்குள்ளேயே எங்கோ போய்விட்டது.

நாற்பது பேர் மூன்று மாதம் கை நோக மணி கோத்த துணி. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நேரமாச்சு நேரமாச்சு என்று காய்ந்துகொண்டிருந்தார்.

டப்பாவில் கிடந்த ஒரு பழைய முனையை எடுத்து ஒட்டினாள். கையெழுத்தும் போட்டாள்.

உலோகத்தைக் கண்டால் கத்துகிற மெஷின் ஒன்று உண்டு. காலர் மணிக்கெல்லாம் கத்தித் தொலைக்கிறதே என்று அன்றைக்கு அதன் வாயையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

பொம்மைக்கு வலிக்காது. ஆனால் பக்கத்திலேயே ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். கவுன் வாங்கியவர் வீட்டுப் பெண். இருபது வயதிருக்கும். நீளமான கழுத்து. நாளைக் காலை இதைப் போட்டுக்கொண்டுதான் அவளுக்குக் கல்யாணம்.

ஊசி சதையில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று காலர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆள்காட்டி விரலில் இரண்டு முறை நகத்தோடு இறங்கியிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் வேலை போகும். அண்ணி செய்ததற்கு நாத்தனாரையும் சேர்த்து அனுப்புவார்கள். அப்புறம் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.

யாருக்கும் தெரியாமல் முனையை எடுத்துவிடத்தான் வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்திருந்தாள். நூல் மாட்டும் என்று தையல்காரிகள் நகம் வளர்ப்பதில்லை. "மகாராணிக்குப் புதுசா என்ன ஸ்டைலு?" என்று புருஷன்கூடக் கேலி செய்தான்.

விளக்கம் சொல்லும் பெண் கூட்டத்தை அடுத்த கவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அப்போது மின்னியது.

பிடரிப் பக்கம், தையலை ஒட்டி, மணிகளுக்கு நடுவே, மெலிசாக ஒன்று.

காலர்க்காரி கயிற்றைத் தாண்டிச் சாய்ந்தாள். நகத்தைக் கொடுத்து நெம்பினாள். வெடுக்கென்று வந்தது. கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஏய், யாரும்மா அது? தொடாதேன்னு இத்தாப்பெரிசா எழுதி வச்சிருக்கே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" காவல்காரர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

நாத்தனார் பாய்ந்து நடுவில் நின்றாள். "தெரியாமப் பட்டிருச்சுண்ணே. தையக்காரி கை, துணியைக் கண்டா சும்மா கிடக்காது."

"கிடக்காட்டி வீட்டுல போய்த் தைக்கச் சொல்லு. கிளம்புங்க ரெண்டு பேரும்."

அத்தனை பேர் பார்க்க வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கண்காட்சிக்குக் கடைசி நாள். காவல்காரர் கதவை இழுத்துச் சாத்தி உள்ளே தாழ் போடுவது கேட்டது.

பத்து நாளாகப் பச்சைத் தண்ணீர் இறங்காத தொண்டை. காலர்க்காரி படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். பசிக்கிறது என்றாள். நாத்தனாரின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"மானத்த வாங்கிட்டுச் சிரிப்பு வேற," என்றாள் நாத்தனார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கையை மட்டும் காலர்க்காரி திறக்கவில்லை. திறந்தால் விழுந்துவிடும், அத்தனை சின்னது. இன்னும் இறுக்கினாள்.

இறுக்க இறுக்கத்தான் உறைத்தது.

குத்தவில்லை.

சிரிப்பு நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை ஈரத்தில், அறுந்த நூலோடு, நீளமான ஒரு மணி.

"ஐயே, இதுக்கா அண்ணி உங்களுக்கு இப்படி வேர்க்குது? விடுங்க. நாளைக்குப் போட்டுக்கப்போற பொண்ணுக்குத் தெரியவா போகுது?"