தெருமுனை வரை ஓடும் மெஷின்

தெருமுனைக்கு வந்ததும் அவள் புல் வெட்டும் மெஷினைத் தோளிலிருந்து இறக்கி, தையற்கடைப் படியோரம் சாய்த்து வைத்தாள். பையைத் துழாவித் திருப்புளியை எடுத்தாள்.

தையற்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன தங்கச்சி, நாள் பூரா நல்லா ஓடுற மெஷினு, நம்ம கடை வாசலுக்கு வந்தா மட்டும் மக்கர் பண்ணுதா?”

“அதுவும் என்னை மாதிரிதாண்ணே. வீடு கிட்ட வந்தாதான் அலுப்பு தெரியுது.”

கார்புரேட்டருக்குக் கீழே, கட்டைவிரல் நுனி அளவில் ஒரு ரப்பர் குமிழ். அதை அமுக்கி அமுக்கி விட்டால்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் மேலே ஏறும். அதன் பிறகு கயிற்றை இழுத்தால்தான் இன்ஜின் பிடிக்கும்.

போன வருஷம் வரை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்த் தோட்டத்தில் புல் வெட்டியவர் அவள் கணவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். குமிழுக்குள் பெட்ரோல் கண்ணுக்குத் தெரியும்வரை கயிற்றில் கை வைக்காதே என்று எத்தனை தடவை திட்டியிருப்பார்!

சாயங்காலமானால் மெஷின் அவர் கட்டிலருகே வந்துவிட வேண்டும். இடது கையால் வலது கையைத் தூக்கி, அந்தக் கட்டைவிரலைக் குமிழின் மேல் வைத்துப் பார்ப்பார். குமிழ் அசையாது. இது மட்டும் அமுங்கிவிட்டால் அடுத்த மாதமே வேலைக்குக் கிளம்பிவிடுவேன் என்பார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அந்த விரலுக்கு இனி அசைவு திரும்பாது என்று டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்து, அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஒரு நாள், வேலைக்குப் போன இடத்தில் மெஷின் கிளம்பவே மறுத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். கடைசியில் பார்த்தால் குமிழின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கிழிசல். பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

புதுக் குமிழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மெஷினைக் கட்டிலருகே வைத்துவிட்டு, மாட்டுவதற்கு முன் கை கழுவிக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

“அடியே, ஓடி வா! அமுங்குதுடி!”

ஈரக் கையோடு ஓடி வந்தாள். கிழிந்த குமிழை அமுக்க விரலுக்குப் பலமே தேவைப்படவில்லை. அந்தக் கையின் கனமே போதுமானதாக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அது தெரியக் கூடாதென்று சிரித்துவைத்தாள். வீட்டில் அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அவர் குமிழை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்.

இதோ, இன்றும் தையற்கடைப் படியில் உட்கார்ந்து நல்ல குமிழைக் கழற்றினாள். அதற்குள் இருந்த பெட்ரோலைத் துணியில் வடித்துவிட்டு, பைக்குள் பத்திரப்படுத்தினாள். பழைய கிழிந்த குமிழை அதே இடத்தில் மாட்டி ஸ்குரூக்களை முடுக்கினாள். நாளை அவர் கண் விழிப்பதற்குள் திரும்ப மாற்றிவிட வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்து மெஷினைக் கட்டிலருகே வைத்தாள். அவர் கையைத் தூக்கிக் குமிழின் மேல் வைத்தார்.

“நேத்தைவிட இன்னைக்கு இன்னும் லேசா அமுங்குது, பாரேன்.”

“ஆமாங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. கிழிசல் நேற்றைவிட நீண்டிருந்ததை மாட்டும்போதே பார்த்திருந்தாள்.

அவர் அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். வெறும் காற்றுதான் உள்ளே போய் வெளியே வந்தது. அவர் பார்வை குமிழின் மேல் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

குமிழுக்குள் ஏன் பெட்ரோல் தெரியவில்லை என்று அவர் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.