நாய் விரட்டும் பெட்டி

கடைசித் திருகாணியை அவன் முறுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி மேல் நிழல் விழுந்தது. பெண்டாட்டி.

"என்னங்க அது?"

"நாய் விரட்டற பெட்டி. வண்டியைத் துரத்தற நாய், இதோட சத்தம் கேட்டா ஓடிப்போயிரும். நமக்குக் கேக்காது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நம்பிவிட்டாள்.

நம்பியதுதான் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அது ரேடார் பெட்டி. சாலையில் எங்கேயாவது போலீஸ்காரர் வேகம் அளந்துகொண்டிருந்தால் முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும். ரேடாருக்கு உள்ளே ஒரு காது, லேசருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கண் என்று விற்றவன் சொன்னான். ஹேண்டிலில் கிளாம்பு போட்டான். அதிராமலிருக்கப் பழைய ஹவாய் செருப்பை வெட்டி அடியில் வைத்தான். டேங்குக்குக் கீழே ஒயரை ஓட்டினான். அது கத்துவது ஹெல்மெட்டுக்குள் மட்டும் கேட்கும்.

வேறு வழியில்லை.

வண்டி மாமனார் சீராகக் கொடுத்தது. ஆர்.சி. அவள் பெயரில். இவன் பறந்தால் அபராதச் செய்தி அவள் போனுக்குப் போகும். போன தடவை வந்தபோது அவள் சத்தம்கூடப் போடவில்லை.

"இன்னொன்னு வந்துச்சுன்னா வண்டிய வித்துப்போடுவேனுங்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால்தான் பயம்.

பெட்டி சந்தேகப்படாத ஆள் இல்லை.

காங்கேயம் சாலையில் ஒரு ஜவுளிக்கடை. ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அதற்குள்ளும் ஒரு ரேடார் இருக்கிறதாம். பெட்டி அலறும். அவன் கட்டைவண்டி வேகத்துக்கு இறங்கி, கடையை உற்றுப் பார்த்தபடி ஊர்ந்து போவான். தினமும் இப்படித் தயங்கிப் போகிறவருக்குக் காவலாளி சல்யூட் வைக்க ஆரம்பித்தார். பிறகு வண்டி நிறுத்த இடம் பிடித்து வைத்தார். ஆடித் தள்ளுபடி சமயம் முதலாளியே தெருவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே வந்து ஒரு காப்பி சாப்பிடவேண்டும் என்றார்.

சாப்பிட்டான்.

ஒருநாள் எருமைக் கூட்டத்துக்கு முன்னால் கத்தியது. நிறுத்தி, மேய்க்கிறவரை மேலும் கீழும் பார்த்தான். முறுக்கு மீசை. விறைப்பான நடை.

எருமைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பெட்டி வாய் மூடியிருந்த இடங்களில் எல்லாம் நூறுக்குக் குறையவில்லை.

சாயங்காலம் அவள் கேட்பாள்.

"இன்னைக்கு எத்தன நாயிங்க?"

"நாலு."

"பாவம். எந்த ஊருக்கு ஓடுச்சுகளோ."

முகத்தில் ஒன்றும் தெரியாது. அவனும் எவ்வளவோ தேடிப் பார்த்தான்.

ஆயுத பூசை வந்தது. கிரைண்டர், தையல் மிஷின், கேஸ் அடுப்பு, வண்டி என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது. தானாக உதிர வேண்டும்.

அவனும் துடைக்கவில்லை.

மறுநாள், வளைவைத் தாண்டிய புளியமரத்தடியில் போலீஸ்காரர் நின்றிருந்தார். கையில் லேசர் துப்பாக்கி.

பெட்டி மூச்சு விடவில்லை.

வேகமுள் நூற்றெட்டில் நின்றது.

கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டினான். குனிந்து பெட்டியைப் பார்த்தான். சந்தனம் அதன் கண்ணை அடைத்துக் காய்ந்திருந்தது. நட்ட நடுவில் குங்குமம்.

பொட்டு வைக்கப் பெட்டிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இடம் கிடந்தது. பக்கத்திலும் கிடந்தது.

வீட்டில் அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் போன் சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். படித்தாள். கவிழ்த்து வைத்தாள். மறுபடி புளியைக் கரைத்தாள்.

அவன் தட்டைப் போட்டு உட்கார்ந்தான். அவள் ரசம் ஊற்றினாள்.

ரசம் நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்தார். வண்டி விலைக்கு இருக்கிறதாகக் கேள்விப்பட்டாராம். சுற்றி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு வேகம் போகுமுங்க?"

அவள் வாசலில் சாவியோடு நின்றிருந்தாள்.

நடக்கிறவனோடு போட்டி போடுகிற வண்டியை எவன் வாங்குவான்? அவன் சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"நாப்பதுங்க. அதுக்கு மேல முறுக்குனா இருமும். மேடு வந்தா எறங்கித் தள்ளோணும். பொய் சொல்லி விக்க எனக்கு மனசு வரலைங்க."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்படி ஒண்ணத்தானுங்க தேடிட்டு இருக்கறேன். மூத்தவன் வேகத்துலதான் போய்ச் சேந்தான். சின்னவன் காலேஜுக்குப் போக நாப்பது போதும்."

சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

அவன் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பொய்யுங்க," என்றாள் அவள். "நூத்தியெட்டு போகும். எம்பட போன்ல வந்திருக்குது."

பெரியவரின் கை பையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுமனே வெளியே வந்தது. அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வண்டி விற்கவில்லை. அவன் நினைத்தது நடந்துவிட்டது.

அவள் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் வண்டியைத் தெருவுக்கு இறக்கினான். கிளப்பவில்லை. பஸ் நிறுத்தத்துப் பக்கம் போகிற பெரியவரிடம் பொய்க்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிட, பின்னாலேயே தள்ளிக்கொண்டு நடந்தான்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

நடையைக் கூட்டினார்.